இரண்டு இருந்தும் ஏன் விழுகிறது? சிக்னலிங் கேட்வே பற்றி வாசகர் கேள்விகள்

தொலைபேசி வலையின் சிக்னலிங் கேட்வேயை, அதாவது அழைப்பை இணைக்கவும் விடுவிக்கவும் உதவும் செய்திகளைக் கடத்தும் கருவியை, பழுது தாங்கும்படி அமைப்பது எப்படி என்று குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

பேச்சு போகும் வழி வேறு, சிக்னல் போகும் வழி வேறு என்று பாடத்தில் படிக்கிறோம். அப்படியானால் கேட்வே நின்றுபோனால் பேசிக்கொண்டிருப்பவர்களின் இணைப்பு அறுந்துவிடுமா?
(பொறியியல் மாணவி, தக்கலை)

உடனே அறுந்துவிடாது. கேட்வேயின் ஒரு பக்கம் எஸ்.எஸ்.7 (பழைய தொலைபேசி வலையின் சிக்னலிங் முறை) லிங்குகள், அதாவது இ1 எனப்படும் 2 மெகாபிட் தடத்தின் ஒரு டைம்ஸ்லாட்டில் 64 கிலோபிட் வேகத்தில் ஓடுபவை. மறுபக்கம் ஐ.பி. வலை, அங்கே எஸ்.சி.டி.பி. என்ற கடத்தும் நெறிமுறையின் மேல், எஸ்.எஸ்.7 செய்திகளைச் சுமக்கும் எம்3யூ.ஏ. ஓடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே செய்திகளை மாற்றிக் கொடுப்பதுதான் கேட்வேயின் வேலை. குரல் அதன் வழியாகப் போவதில்லை.

அதனால் கேட்வே நின்ற நொடியில் நடந்துகொண்டிருக்கும் பேச்சு தொடரும். ஆனால் புது அழைப்பு எதுவும் எழாது. பேசி முடித்துப் போனை வைத்தாலும் அந்தச் செய்தி மறுமுனைக்குப் போகாது. ஐசப் முறையில் (எஸ்.எஸ்.7-இல் அழைப்பை இணைத்து விடுவிக்கும் பகுதி) விடுவிப்புச் செய்திக்குப் பதில் வராவிட்டால், எக்ஸ்சேஞ்ச் 15 முதல் 60 நொடிக்கு ஒருமுறை அதையே திரும்ப அனுப்பும். 5 முதல் 15 நிமிடம் ஆன பிறகு குரல் போகும் அந்த சர்க்யூட்டையே ரீசெட் செய்யப் பார்க்கும். அதுவரை சர்க்யூட் யாருக்கும் உதவாமல் பிடிபட்டுக் கிடக்கும். கேட்வே அரை நிமிடத்தில் மீண்டால் பெரிய சேதமில்லை. கால் மணி நேரம் போனால், மீண்டபின் ரீசெட் செய்திகளே வெள்ளமாக வந்து அதை மறுபடி அமுக்கும்.

4ஜி, 5ஜி வந்துவிட்டது. எஸ்.எஸ்.7 இன்னும் எதற்கு?
(கொல்லங்கோடு வாசகர்)

2ஜி, 3ஜி இருக்கும் இடமெல்லாம் ரோமிங், குறுஞ்செய்தி, பழைய எக்ஸ்சேஞ்ச் இணைப்பு ஆகியவை இன்னும் அதன்மேல்தான் நடக்கின்றன. 4ஜியில் அதன் வேலையை டயாமீட்டர் என்ற நெறிமுறை எடுத்துக்கொண்டது. ஆனால் கீழே சொல்லப்போகும் சிக்கல்கள் அப்படியே அங்கும் உண்டு. டயாமீட்டரின் கண்காணிப்பு டைமருக்குப் பரிந்துரைக்கப்பட்ட மதிப்பு 30 நொடி. அதை அப்படியே விட்டுவிட்டு "உடனே மாறிவிடும்" என்று யாரும் எதிர்பார்க்க முடியாது.

எங்கள் காலத்தில் ஒரு சிக்னலிங் லிங்கில் 0.2 எர்லாங்குக்கு (நேரத்தில் 20 சதவீதப் பயன்பாட்டுக்கு) மேல் ஏற்றமாட்டோம். ஐ.பி.யில் அந்தக் கட்டுப்பாடு தேவையா?
(ஓய்வுபெற்ற எக்ஸ்சேஞ்ச் ஊழியர், நாகர்கோவில்)

எண் மாறலாம், அதன் பின்னாலுள்ள கணக்கு மாறாது. 0.2 என்று வைத்ததன் காரணம், ஒரு லிங்க் விழுந்தால் அதன் சுமை மற்றொன்றில் ஏறி 0.4 ஆகும், அப்போதும் வரிசை நீளாமல் ஓடவேண்டும் என்பதே. 64 கிலோபிட் லிங்கில் 0.2 என்பது நொடிக்கு 1600 எண்மம், அதாவது பைட். ஒரு செய்திக்குச் சராசரி 40 பைட் என்று வைத்தால், ஒரு திசையில் நொடிக்கு 40 செய்தி. ஒரு சாதாரண அழைப்புக்கு ஐசப்பில் 5 செய்தி, திசைக்கு இரண்டரை. ஆக நொடிக்கு 16 அழைப்பு. ஒரு பேச்சு 90 நொடி நீடித்தால் 1440 எர்லாங். சர்க்யூட்டுக்கு 0.7 எர்லாங் வீதம் ஏறத்தாழ 2000 சர்க்யூட்டுகளை இந்த ஒரு லிங்க் தாங்கும்.

ஐ.பி. கேட்வேயில் கம்பி குறுகலாக இருப்பதில்லை. பிராசஸரும் செய்தி வரிசையும்தான் எல்லை. இரண்டு கேட்வே இருந்தால், நெரிசல் நேரத்திலும் ஒவ்வொன்றும் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வையுங்கள். 50 என்று வைத்தால் காகிதத்தில் சரியாக வரும், நடைமுறையில் வராது. ஒன்று விழுந்த நேரத்தில் இணைப்புக் கிடைக்காதவர்கள் எல்லோரும் மறுபடி மறுபடி டயல் செய்வார்கள். விழுந்த கேட்வேயின் பழைய சுமையோடு இந்த மறுமுயற்சியும் சேர்ந்து வரும். அந்த மீதி 20 சதவீதம் அதற்காகத்தான். மூன்று கேட்வே என்றால் ஒவ்வொன்றுக்கும் 55 வரை போகலாம்.

நான்கு லிங்க் போட்டும் இரண்டில்தான் செய்தி ஓடுகிறது. மற்ற இரண்டும் எழுந்தே நிற்கின்றன, ஆனால் காலி. பழுது எங்கே?
(ஆரல்வாய்மொழி வாசகர்)

பழுது கருவியில் இல்லை, ஒரு பிட்டில் இருக்கிறது. ஐ.டி.யூ. (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) முறையில் லிங்கைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எல்.எஸ். எண் 4 பிட், அதாவது 0 முதல் 15 வரை. உங்கள் எக்ஸ்சேஞ்ச் இரட்டை எஸ்.டி.பி.யில் (சிக்னல் செய்திகளைத் திருப்பிவிடும் இடைநிலை முனை) எதற்கு அனுப்புவது என்பதைக் கடைசி பிட்டை வைத்து முடிவு செய்கிறது: ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். பிறகு அந்தப் பக்கத்தின் இரண்டு லிங்கில் எது என்பதையும் அதே கடைசி பிட்டை வைத்தே முடிவு செய்தால், ஒற்றைப்படை போன பக்கத்தில் எப்போதும் ஒற்றைப்படை லிங்க் மட்டும் கிடைக்கும். மற்றது பட்டினி.

லிங்குசெட்டை (ஒரே முனைக்குப் போகும் லிங்குகளின் தொகுப்பு) தேர்வதற்கு ஒரு பிட், உள்ளே லிங்கைத் தேர்வதற்கு வேறு பிட் என்று அமைப்பை மாற்றுங்கள். சில கருவிகளில் எஸ்.எல்.எஸ். சுழற்சி என்று தனி அமைப்பே இருக்கும். லிங்க் எண்ணிக்கையை 2, 4, 8 என்றே வையுங்கள். மூன்று போட்டால் 16 மதிப்புகள் 6, 5, 5 என்று பிரிந்து ஒன்றில் சுமை கூடும்.

காலியாகக் கிடக்கும் லிங்கை "பரவாயில்லை, மாற்றாக இருக்கட்டும்" என்று விடாதீர்கள். சுமை ஓடாத லிங்கின் பழுதை யாரும் கவனிப்பதில்லை. தேவைப்படும் நாளில்தான் அது தெரியவரும்.

எஸ்.எஸ்.7 லிங்க் ஒன்று நாளுக்கு இரண்டு மூன்று முறை விழுகிறது, ஏறத்தாழ 10 நொடியில் தானே எழுகிறது. கிளாக் ஸ்லிப் (இரு முனைக் கடிகாரமும் ஒத்துப்போகாமல் தரவு நழுவுவது) என்கிறார்கள். சரியா?
(வில்லுக்குறி வாசகர்)

ஸ்லிப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. எஸ்.எஸ்.7-இல் செய்திகளைக் கடத்தும் எம்.டி.பி.யின் இரண்டாம் அடுக்கில் பிழை எண்ணி ஒன்று உண்டு. கெட்ட சிக்னல் அலகு ஒன்றுக்கு ஒன்று ஏறும், 256 அலகு கடந்தால் ஒன்று இறங்கும், 64-ஐ எட்டினால் லிங்க் வெட்டப்படும். சும்மா இருக்கும் லிங்கில்கூட நொடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட நிரப்பு அலகுகள் ஓடுவதால், எண்ணி நொடிக்கு ஐந்து வீதம் இறங்கிக்கொண்டே இருக்கும். நாளுக்குச் சில ஸ்லிப் வந்தால் மறு அனுப்புதல் கணக்குத்தான் கூடும், லிங்க் விழாது.

லிங்கை விழவைப்பது தொடர்ச்சியான துண்டிப்பு. அலகின் எல்லையே தொலைந்துவிட்டால் 16 பைட்டுக்கு ஒன்று வீதம் எண்ணி ஏறும். 64 × 16 = 1024 பைட், 64 கிலோபிட்டில் 128 மில்லி நொடி. ஆகவே உங்கள் தடத்தில் அதைவிட நீண்ட துண்டிப்பு வருகிறது. எஸ்.டி.எச். (ஃபைபரில் இ1 தடங்களைச் சுமக்கும் முறை) வளையம் 50 மில்லி நொடிக்குள் மாற்றுப் பாதைக்குப் போய்விட வேண்டியது. ஆரோக்கியமான வளையம் லிங்கை விழவைக்காது. தளர்ந்த கனெக்டர், மழையில் மங்கும் ரேடியோ, மாறத் தாமதிக்கும் வளையம் என்ற வரிசையில் தேடுங்கள். நீங்கள் சொல்லும் 10 நொடியில் 8.2 நொடி, லிங்க் எழும்போது நடக்கும் வழக்கமான சோதனைக் காலம். அவசர முறையில் அது அரை நொடிதான்.

இன்னொன்றையும் பாருங்கள்: அதே லிங்குசெட்டின் இன்னொரு லிங்க் அதே நொடியில் விழுகிறதா? விழுந்தால் இரண்டும் ஒரே கார்டிலோ ஒரே தடத்திலோ வருகின்றன. முதலில் அதைப் பிரித்துப் போடுங்கள்.

கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு லினக்ஸ் கணினியில் எம்3யூ.ஏ. கேட்வே அமைத்தோம். இரண்டு நெட்வொர்க் கார்டு, இரண்டு ஸ்விட்ச், எஸ்.சி.டி.பி. மல்டிஹோமிங் (ஒரே இணைப்புக்கு இரண்டு முகவரி, இரண்டு பாதை) எல்லாம் உண்டு. ஒரு கேபிளைப் பிடுங்கினால் மறுபாதைக்கு மாற ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. சிலமுறை மாறுவதே இல்லை.
(உதவிப் பேராசிரியர், கருங்கல் அருகே)

இரண்டும் வெவ்வேறு பழுதுகள். தனித்தனியாகச் சொல்கிறோம்.

ஒரு நிமிடத் தாமதத்துக்குக் காரணம் தொடக்க மதிப்புகள். எஸ்.சி.டி.பி.யில் மறு அனுப்புதல் டைமரின் குறைந்த அளவு 1 நொடி, உச்சம் 60 நொடி. ஒவ்வொரு தோல்விக்கும் அது இரட்டிக்கும். பாதைக்கான மறுமுயற்சி எண் 5. அந்த எண்ணைத் தாண்டும்போதுதான், அதாவது ஆறாவது தோல்வியில்தான், பாதை செத்ததாக அறிவிக்கப்படும். 1 + 2 + 4 + 8 + 16 + 32 = 63 நொடி. உங்கள் கணினி விதிப்படியே நடந்திருக்கிறது. பொது இணையத்துக்கு இது பொருத்தம். ஒரு நொடிக்குள் லிங்க் மாற்றிப் பழகிய எஸ்.எஸ்.7 உலகுக்குப் பொருந்தாது.

ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ நொடி எடுக்கும். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு 700 கிலோமீட்டர் என்று வைத்தால் போய்வர 7 மில்லி நொடி. பாதை சுற்றிப் போனாலும் 20-க்குள் அடங்கும். இப்படிப்பட்ட தனி வலைக்கு நாங்கள் சொல்லும் தொடக்க மதிப்புகள்: டைமர் தொடக்கம் 200 மில்லி நொடி, குறைந்தபட்சம் 200, உச்சம் 400, பாதை மறுமுயற்சி 2, ஹார்ட்பீட் (பாதை உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் செய்தி) 5 நொடி. இப்போது கணக்கு 0.2 + 0.4 + 0.4, சரியாக ஒரு நொடி. செத்த பாதையில் போன செய்தியும் அந்த ஒரு நொடி முழுக்கக் காத்திராது. முதல் டைமர் முடிந்ததும், 200 மில்லி நொடியில், மறுபாதையில் திரும்ப அனுப்பப்படும்.

இதோடு இரண்டு மதிப்புகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். பலர் மறப்பது இங்கேதான். ஒன்று, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைத் தாமதித்து அனுப்பும் நேரம். அது தொடக்கத்தில் 200 மில்லி நொடி. டைமரும் 200, ஒப்புகையும் 200 என்றால் நல்ல பாதையிலேயே டைமர் முந்திக்கொண்டு, தேவையில்லாத மறு அனுப்புதல் கொட்டும். அதை 50-க்குக் குறையுங்கள், மறுமுனையிலும் குறைக்கச் சொல்லுங்கள். மற்றொன்று, முழு அசோசியேஷனுக்கான (எல்லாப் பாதையும் சேர்ந்த ஒரே எஸ்.சி.டி.பி. இணைப்பு) மறுமுயற்சி எண். தொடக்கத்தில் அது 10. எல்லாப் பாதைகளின் எண்களையும் கூட்டினால் வருவதைவிட அது பெரிதாக இருக்கக்கூடாது. உங்களுக்கு இரண்டு பாதை, தலா 2, ஆகவே 4. பத்தாகவே விட்டால் எல்லாப் பாதையும் செத்த பிறகும் அசோசியேஷன் உயிரோடிருப்பதாகக் காட்டும். மேலடுக்கு அடுத்த கேட்வேயைத் தேடவே தேடாது.

சிலமுறை மாறாததற்குக் காரணம் பெரும்பாலும் லினக்ஸின் ரவுட்டிங். இரண்டு முகவரிகளில் பைண்ட் செய்துவிட்டால் இரண்டு கார்டு வழியாகவும் போகும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கர்னல் சேருமிடத்தைப் பார்த்துத்தான் கார்டைத் தேர்கிறது. ஒரே டீஃபால்ட் ரவுட் இருந்தால் இரண்டாம் முகவரியின் பாக்கெட்டும் முதல் கார்டு வழியே வெளியேறும். பெயருக்கு இரண்டு பாதை, கம்பி ஒன்று. மூல முகவரியைப் பார்த்து அனுப்பும் பாலிசி ரவுட்டிங்கை, முகவரிக்கு ஒரு ரவுட்டிங் அட்டவணை வீதம் அமையுங்கள். இரண்டு சப்நெட்டும் வேறு வேறாக இருக்கட்டும். ரிவர்ஸ் பாத் சோதனை (பாக்கெட் வந்த கார்டு வழியே திரும்பப் போக வழி உண்டா என்று பார்ப்பது) கடுமையான நிலையில் இருந்தால் திரும்பி வரும் பாக்கெட் சத்தமின்றிக் கைவிடப்படும், அதையும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கார்டிலும் தனித்தனியே, பாக்கெட்டைப் பார்க்க உதவும் டி.சி.பி.டம்ப் ஓட்டி, ஹார்ட்பீட் போவதும் பதில் வருவதும் அதே கார்டில்தான் என்று கண்ணால் பார்த்தபின் மேலே போங்கள்.

நடுவில் ஃபயர்வால் இருந்தால் புரோட்டோகால் எண் 132 திறந்திருக்க வேண்டும். முதல் பாதையில் நடந்த கைகுலுக்கலை மட்டும் நினைவில் வைத்திருக்கும் ஃபயர்வால், இரண்டாம் பாதையில் வரும் பாக்கெட்டை அந்நியன் என்று தள்ளிவிடும். முகவரி மாற்றும் நேட் கருவி மல்டிஹோமிங்குக்கு ஆகவே ஆகாது.

நாங்கள் இரண்டு வேறு நிறுவனங்களிடமிருந்து ஃபைபர் வாங்கியிருக்கிறோம். இரண்டும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் போனது. இது எப்படி?
(நெட்வொர்க் பொறியாளர், மார்த்தாண்டம்)

நிறுவனம் இரண்டாக இருக்கலாம், பள்ளம் ஒன்றாக இருந்திருக்கும். ஒருவர் தோண்டிய குழாயில் இன்னொருவர் இழை வாடகைக்கு எடுப்பது வழக்கம். விற்பவர் பொய் சொல்லியிருக்கவும் தேவையில்லை. அவர் இணைப்பு எந்தத் தடத்தில் போகிறது என்பது விற்பனைப் பிரிவுக்கே தெரிந்திருக்காது.

ஒவ்வொன்றும் 99.9 சதவீதம் இருக்கும் இரண்டு இணைப்பைச் சேர்த்தால் 99.9999 என்று கணக்குப் போடுவார்கள். வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரத் துண்டிப்பு 32 நொடியாகச் சுருங்கிவிடும். ஒன்றின் பழுதுக்கும் மற்றதன் பழுதுக்கும் சம்பந்தமே இல்லாதபோது மட்டும் அந்தப் பெருக்கல் செல்லும். ஒரே பள்ளம் என்றால் 99.9-தான்.

நம் மாவட்டத்தின் அமைப்பே இதில் கவனம் கேட்கிறது. வடக்கே மலை, தெற்கே கடல். வெளியே போகும் தடங்கள் சில இடங்களில் நெருங்கித்தான் ஆகவேண்டும். வடகிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெடுஞ்சாலையும் ரயில்பாதையும் பக்கம் பக்கமாக வருகின்றன. மேற்கே திருவனந்தபுரம் போகும் வழியில் குழித்துறையில் ஆற்றைக் கடக்க வேண்டும். சாலையோரக் கேபிள் ஒன்று, ரயில் ஓரக் கேபிள் ஒன்று என்று கேட்டு வாங்கினாலும், இந்த இடங்களில் அவை எவ்வளவு விலகி இருக்கின்றன என்று தனியாகக் கேளுங்கள். பொதுவாக ஒரு பாதையை ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிக்கும், மற்றதை மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரத்துக்கும் எடுப்பது நல்லது. அஞ்சுகிராமம், கூடங்குளம் வழியே கடற்கரையோரமாகத் தூத்துக்குடிப் பக்கம் போகும் பாதை கிடைத்தால் அது மூன்றாவது. சாலை அகலப்படுத்தும் பணியும் ரயில் இரட்டைப்பாதைப் பணியும் நடக்கும் தடங்களில் ஜே.சி.பி. எந்தப் பக்கம் தோண்டும் என்று சொல்ல முடியாது.

வாங்கும்போது தடத்தின் வரைபடத்தைக் கோப்பாகக் கேட்டு, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஒரே தடமாக வரும் தூரம் இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது, பராமரிப்புக்காகத் தடம் மாற்றினால் முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அடுத்த முறை இரண்டும் அறுந்தால் இரு பக்கமும் ஓ.டி.டி.ஆர். (ஃபைபர் அறுந்த இடத்தின் தூரத்தை அளக்கும் கருவி) வைத்துத் துண்டிப்பின் தூரம் எடுங்கள். இரண்டிலும் ஏறத்தாழ ஒரே தூரம் வந்தால் வேறு சான்று வேண்டாம். கடைசி 100 மீட்டரும் முக்கியம்: இரண்டு ஃபைபரும் கட்டிடத்துக்குள் ஒரே மேன்ஹோல் வழியாக நுழைந்தால் வெளியே 80 கிலோமீட்டர் பிரித்துப் போட்டது வீண்.

சிக்னலிங்குக்குத் தேவைப்படும் அகலம் மிகக் குறைவு என்பதால் 2 மெகாபிட் ரேடியோகூட நல்ல மூன்றாம் பாதை. இரு பருவமழையும் பெய்யும் ஊர் இது. 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் மழையில் மங்கும்; 6, 7 கிகாஹெர்ட்ஸ் பட்டைகள் தேவலை. செயற்கைக்கோள் வைத்தால் ஒரு எச்சரிக்கை. புவிநிலைக் கோளுக்குப் போய்வர அரை நொடிக்கு மேல் ஆகும். முந்தைய பதிலில் சொன்ன 400 மில்லி நொடி உச்சத்தோடு அதை மல்டிஹோமிங்கில் சேர்த்தால், நல்ல நிலையில் இருக்கும்போதே அந்தப் பாதை செத்ததாகக் குறிக்கப்படும். அதற்குத் தனி அசோசியேஷன், தனி டைமர் கொடுங்கள்.

இரண்டு கேட்வேக்கும் ஒரே பாயிண்ட் கோடு (எஸ்.எஸ்.7 வலையில் முனையின் முகவரி எண்) கொடுக்கலாமா, தனித்தனியா?
(கன்னியாகுமரி வாசகர்)

தனித்தனி. இடைநிலை எஸ்.டி.பி. போல இரண்டுக்கும் சொந்தக் கோடு இருந்தால், ஒன்று செத்ததும் பக்கத்து எக்ஸ்சேஞ்ச் மற்ற வழிக்குத் திருப்பிவிடும். இரண்டு பெட்டிக்கும் நடுவே நிலையை ஒத்திசைக்க எதுவும் வேண்டாம்.

ஒரே கோடு என்றால் எக்ஸ்சேஞ்சின் கண்ணுக்கு இரண்டு பெட்டியும் ஒரே முனை. ஒரு பெட்டியின் லிங்க் விழுந்தால் "கடைசியாகச் சரியாக வந்த செய்தி எண் இது" என்று மற்றப் பெட்டி சொல்லவேண்டும். அந்த எண்ணோ செத்த பெட்டிக்குள் கிடக்கிறது. அவசர மாற்றம்தான் ஒரே வழி, அதில் எண் இல்லை, அதனால் செய்திகள் தொலையும். கோடு எண்கள் பற்றாக்குறை என்று வேறு வழியே இல்லாமல் ஒரே கோடு வைத்தால், இரண்டு பெட்டிக்கும் நடுவே வேறு வேறு ஸ்விட்ச் வழியாக இரண்டு இணைப்பாவது இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நடுவிலுள்ள இணைப்பு அறுந்த நொடியில் இரண்டும் "மற்றவன் செத்தான், நானே தலைவன்" என்று கிளம்பும்.

ஐ.பி. பக்கத்தில் எம்3யூ.ஏ.வின் ஓவர்ரைடு (ஒன்று மட்டும் ஓடும்) முறையைவிட லோடுஷேர் (சுமையைப் பகிரும்) முறையை எடுங்கள். இரண்டும் எப்போதும் வேலை செய்வதால், ஒன்று கெட்டிருப்பது அன்றே தெரியும். அந்தப் பக்கத்தில் செய்தியைப் பெறும் எல்லாப் பிராசஸும் போனால் செய்திகளைத் தேக்கிவைத்துக் காத்திருக்கும் டைமருக்கு 2 நொடி போதும். நீட்டினால், தேங்கியதெல்லாம் பழசாகி, எழுந்த பிராசஸின் தலையில் ஒரேயடியாகக் கொட்டும். விழுந்து விழுந்து எழும் பிராசஸுக்கு உடனே சுமை கொடுக்காமல், தொடர்ந்து 60 நொடி நலமாக இருந்தபின் கொடுங்கள். எம்.டி.பி.யின் மறுதொடக்க டைமரும் ஏறத்தாழ ஒரு நிமிடமாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

மின்வெட்டு, இடி இரண்டும் இங்கே அதிகம். பேட்டரியும் எர்த்தும் எப்படி இருக்கவேண்டும்?
(குலசேகரம் வாசகர்)

600 வாட் சுமைக்கு 48 வோல்ட்டில் 12.5 ஆம்பியர். 8 மணி நேரத்துக்கு 100 ஆம்பியர்-மணி. பேட்டரி வயதானால் திறன் 80 சதவீதமாகும். முழுக்க வடியவிடாமல் 80 சதவீதம் மட்டும் எடுக்கவேண்டும். 100-ஐ இரண்டு முறை 0.8-ஆல் வகுத்தால் 156. ஆகவே 100 ஆம்பியர்-மணி வரிசை இரண்டு. ஒவ்வொரு வரிசையிலும் 2 வோல்ட் செல் 24. சுமைக்கு 12.5, சார்ஜுக்கு 20, மொத்தம் 32.5 ஆம்பியர்; 20 ஆம்பியர் ரெக்டிஃபயர் மூன்று போட்டால் ஒன்று போனாலும் ஓடும். 43.2 வோல்ட்டில் துண்டிக்கும் அமைப்பு வையுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 8 மணி நேரம் என்பது ஜெனரேட்டருக்கு டீசல் வந்துசேரும் வரைக்குமான அவகாசம் மட்டுமே. மரம் விழுந்து சாலை அடைபட்டால் டீசல் வண்டி வராது, அதனால் இரண்டு நாள் டீசல் இடத்திலேயே இருக்கட்டும்.

இரட்டை பவர் சப்ளை உள்ள கருவியின் இரண்டு வயரையும் ஒரே பிரேக்கரில் மாட்டியிருப்பதைப் பல ராக்குகளில் பார்க்கலாம். ஏ, பி என்று நிறம் பிரித்து, தனித்தனிப் பிரேக்கரில் கொடுங்கள். கருவிக்கு ஓர் எர்த், கோபுரத்துக்கு ஓர் எர்த் என்று தனித்தனியே விட்டால், இடி விழும்போது இரண்டுக்கும் நடுவே எழும் மின்னழுத்தம் இ1 போர்ட்டுகள் வழியே பாயும். எல்லாவற்றையும் நிலத்தடியில் வளையமாகக் கட்டி ஒன்றாக்குங்கள். இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே செம்பு வேண்டாம், ஃபைபர் போடுங்கள்.

இரண்டு கேட்வேயும் ஒரே நிறுவனத்தின் ஒரே சாஃப்ட்வேர். இது ஆபத்தா?
(குளச்சல் வாசகர்)

ஆபத்து உண்டு. 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி.யின் நெடுந்தொலைவு வலை ஏறத்தாழ 9 மணி நேரம் தடுமாறியது. நியூயார்க்கில் ஒரு ஸ்விட்ச் தன்னைத்தானே ரீசெட் செய்து மீண்டது. அது மீண்டதைச் சொல்லும் சிக்னலிங் செய்திகள் அடுத்தடுத்து வந்தபோது, பக்கத்து ஸ்விட்சின் சாஃப்ட்வேரில் இருந்த ஒரு பிழை அதையும் ரீசெட் ஆக்கியது. அது மீண்டபோது அதற்கடுத்தது. 114 ஸ்விட்சுகளிலும் சில வாரங்களுக்கு முன் ஏற்றிய அதே சாஃப்ட்வேர். மாற்று ஏற்பாடு எல்லா இடத்திலும் இருந்தது. எல்லாவற்றிலும் அதே பிழையும் இருந்தது. 1991 கோடையில் வாஷிங்டன், லாஸ் ஏஞ்சல்ஸ் முதலிய நகரங்களில் எஸ்.டி.பி.கள் விழுந்தபோதும், முழுச் சோதனை செய்யாமல் ஏற்றிய மிகச் சிறிய மாற்றம்தான் காரணம்.

இரண்டு நிறுவனத்தின் கருவி வாங்குவது எல்லோருக்கும் கட்டாது. இரண்டு வகைப் பழக்கமும் வேண்டியிருக்கும். கட்டக்கூடியது இது: இரண்டிலும் ஒரே நாளில் புதுப் பதிப்பு ஏற்றாதீர்கள். ஒன்றில் ஏற்றி, மாத முடிவு, பண்டிகை நாள் போன்ற ஒரு நெரிசலாவது கடந்தபின் மற்றதில் ஏற்றுங்கள். அமைப்புக் கோப்பை ஒன்றிலிருந்து மற்றதற்குத் தானாக நகலெடுக்கும் வசதியை அந்த நாட்களில் நிறுத்திவையுங்கள். தவறான ரவுட் ஒன்று அரை நொடியில் இரண்டு பெட்டிக்கும் போய்விடும் வழி அதுதான்.

கட்டி முடித்தாயிற்று. பழுது தாங்குமா என்று எப்படிச் சோதிப்பது?
(பலர்)

கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பதோடு பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். பிடுங்கிய கேபிளைக் கருவி உடனே கண்டுகொள்ளும், அது எளிய பழுது. சாகாமல் இழுத்துக்கொண்டு கிடக்கும் பழுதுதான் கடினம்.

முதலில், நெரிசல் நேரச் சுமையைச் செயற்கையாக ஓட்டுங்கள். சுமையில்லாமல் செய்யும் சோதனையில் எல்லாமே தேறும். பிறகு ஒரு திசையை மட்டும் மறியுங்கள்: ஃபயர்வால் விதி போட்டு உள்ளே வரும் பாக்கெட்டை மட்டும் கைவிடச் செய்யுங்கள். அடுத்து, லினக்ஸின் நெட்எம் கொண்டு ஒரு பாதையில் 5 சதவீதம், பிறகு 30 சதவீதம் பாக்கெட்டைத் தொலையுங்கள். 5 சதவீதத்தில் பாதை சாகாது, ஆனால் அழைப்புகள் தாமதிக்கும். அப்போது எச்சரிக்கை மணி அடிக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை, கேட்வே பிராசஸைக் கொல்லாமல் உறையவைப்பது. கில் கட்டளையில் ஸ்டாப் சிக்னல் கொடுத்தால் பிராசஸ் அப்படியே நிற்கும். ஆனால் எஸ்.சி.டி.பி. கர்னலுக்குள் இருப்பதால் ஹார்ட்பீட்டுக்குப் பதில் போய்க்கொண்டே இருக்கும். மறுமுனை எல்லாம் நலம் என்று நம்பி செய்திகளை அனுப்பும், அவை கிணற்றில் போட்ட கல்லாகும். இதைப் பிடிக்க எம்3யூ.ஏ.வுக்குள்ளேயே பீட் செய்தி இருக்கிறது. அது விருப்பத் தேர்வு என்பதால் பல இடங்களில் அணைத்தே கிடக்கும். அதை இயக்கி, 2 நொடிக்கு ஒன்று, மூன்று தவறினால் அசோசியேஷனை முறி என்று வையுங்கள்.

ஒவ்வொரு சோதனையிலும் நான்கு எண்களைக் குறியுங்கள்: மாற எடுத்த நேரம், தொலைந்த செய்தி, அறுந்த பேச்சு, திரும்பி வர எடுத்த நேரம். எம்.டி.பி.க்கு ஐ.டி.யூ. வைத்த அளவுகோல், ஒரு கோடி செய்திக்கு ஒன்றுக்கு மேல் தொலையக்கூடாது, ஒரு ரவுட்செட் (ஒரு முனைக்குப் போகும் எல்லா வழிகளும்) வருடத்துக்கு 10 நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்பது. நடந்துகொண்டிருந்த பேச்சு ஒன்றுகூட அறுந்திருக்கக்கூடாது. நான்காவது எண்ணைப் பலர் எடுப்பதில்லை; கேட்வே விழும்போது தப்பித்த வலை, அது எழும்போது விழுவது உண்டு.

இந்தத் தாளை ராக்கின் கதவிலேயே ஒட்டிவையுங்கள். சாஃப்ட்வேர் பதிப்போ டைமரோ ஃபைபர் தடமோ மாறினால், பழைய எண்களுக்குப் பக்கத்தில் புதிய எண்களை எழுதுமளவுக்கு முழுச் சோதனையையும் மறுபடி ஓட்டுங்கள். எதுவும் மாறாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரவு 2 மணிக்கு, இரண்டு பேர் இடத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.